பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு மூன்று பவுன் வரி

நீங்கள் கேட்டது இது: 1913-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நடக்கும் ஓர் இளையோர் நாவல் எழுத நினைக்கிறீர்கள். நாயகி 15 வயதுத் தமிழ்ப் பெண். அப்பா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிப் போனவர். பள்ளிப் பிள்ளைகள் படிக்கப்போகும் கதையில் எவ்வளவு கொடுமையைக் காட்டலாம், வரலாற்றில் எவ்வளவு கைவைக்கலாம், அந்தக் காலத்து வசைச்சொற்களை அப்படியே எழுதலாமா, காந்தியைக் கதாபாத்திரமாகக் கொண்டுவரலாமா? நான்கும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் கூடவே நீங்கள் கொடுத்திருக்கும் கதைச் சுருக்கத்தைப் படித்தால் உங்களை உறுத்துவது வேறொன்று என்று தோன்றுகிறது. சாட்டையோடு ஒரு வெள்ளைக்கார ஓவர்சியர், அவனிடம் அடிபடும் குடும்பம், பொங்கி எழும் பெண், கடைசியில் காந்தி வந்து எல்லாம் சரியாகிறது. "எழுதிப் பார்த்தால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது" என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆக, உண்மையான கேள்வி, இனவெறுப்பைப் பாடமாக்காமல் எப்படிக் கதையாக்குவது என்பதுதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஓவர்சியரை வேலையிலிருந்து அனுப்பிவிடுங்கள். அடி உதை நடக்கவில்லை என்று சொல்லவரவில்லை. 1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி முதலாளியிடம் அடிபட்டு, முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்றது பதிவான செய்தி. ஆனால் வெறுப்பை ஒரு கெட்டவனின் முகத்தில் வைத்துவிட்டால், அவன் தோற்றதும் வெறுப்பும் தீர்ந்துபோகும். நேட்டாலில் அது அப்படி இருக்கவில்லை. வெறுப்பு அங்கே சட்டப் பிரிவாக, ரசீதாக, அனுமதிச் சீட்டாக வந்தது. அதை நடத்தியவர்கள் பலர் வீட்டுக்குப் போனால் நல்ல அப்பாக்களாகவும் இருந்திருப்பார்கள். படிக்கிற பிள்ளைக்கு இதுதான் புரியவேண்டியது, புரிந்தால் இதுதான் பயமுறுத்தும்.

நான் வரலாறு படித்துவிட்டு, பல ஆண்டுகளாக இளையோர் கதைகளைச் செம்மைப்படுத்தும் வேலையில் இருப்பவன். தென்னாப்பிரிக்கத் தமிழரின் கதையை நூல்கள், ஆவணங்கள் வழியாகவே அறிந்தவன், அந்தச் சமூகத்துக்குள் பிறந்து வளர்ந்தவன் அல்ல. இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் நாயகியின் வயதையே எடுத்துக்கொள்வோம். நேட்டால் அரசு 1895-ல் ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் வந்து, ஐந்தாண்டு முடித்த தொழிலாளி மூன்றில் ஒன்றைச் செய்யவேண்டும்: இந்தியாவுக்குத் திரும்பவேண்டும், இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திடவேண்டும், இரண்டும் வேண்டாமென்றால் ஆண்டுக்கு மூன்று பவுன் (தங்கப் பவுன் அல்ல, பிரிட்டிஷ் பணம்) கட்டி 'லைசென்ஸ்' வாங்கவேண்டும். 1903-ல் இதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். ஆண்பிள்ளைக்கு 16 வயது, பெண்பிள்ளைக்கு 13 வயது. ஆமாம், பெண்ணுக்குத்தான் முன்னால். ஒப்பந்தக் கூலிக்கு முதல் ஆண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். பெண்களுக்கு அதில் பாதி அளவு. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுச் சம்பளத்தை ஒரு காசு தின்னாமல் சேர்த்தாலும் நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். வெளியே வந்தவன் கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் அப்பா, அம்மா, ஒரு பெண், 16 தாண்டிய ஒரு பையன் என்று வைத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன். பணம் பிடுங்குவது இந்த வரியின் முதல் நோக்கம் அல்ல. கட்ட முடியாதவன் ஒன்று தோட்டத்துக்கே திரும்பட்டும், இல்லை கப்பலேறட்டும் என்பதுதான் கணக்கு.

இப்போது உங்கள் பெண்ணைப் பாருங்கள். 1898-ல் நேட்டாலிலேயே பிறந்தவள். 1911-ல் அவளுக்கு 13 வயது. அன்றைக்கு அரசு அவளிடம் சொல்வது என்ன? நீ பார்த்தேயிராத இந்தியாவுக்குத் 'திரும்பிப் போ', இல்லை உன் பெயரில் ஒப்பந்தம் போடு, இல்லை மூன்று பவுன் கட்டு. கதை தொடங்கும் 1913-ல் அவள் பெயரில் ஏற்கெனவே பாக்கி இருக்கும். சாட்டையே இல்லாமல் ஒரு நாவலுக்கு வேண்டிய இறுக்கம் இதில் இருக்கிறது. எழுதிப் பாருங்கள்: மாஜிஸ்திரேட் கச்சேரியில் ஒரு மேசை. அப்பா தலைமுண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பாலசுந்தரம் அப்படித்தான் காந்தியின் முன் நின்றார், வெள்ளைக்காரர் முன் அதுதான் அங்கே வழக்கமாகிவிட்டது. "பொண்ணுக்குப் பன்னெண்டுதாங்க ஆவுது" என்கிறார். எழுத்தர் நிமிர்ந்து அவளை மேலும் கீழும் பார்க்கிறார். அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போக நேரமாகிறது என்ற அவசரம் மட்டுமே. அவளுக்கோ, தன் உடம்பே அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறது என்று தோன்றுகிறது, தோளைக் குறுக்கிக்கொள்கிறாள். காட்சி என் கற்பனைதான், வரியும் வயதும் கற்பனை இல்லை. 14 வயது வாசகிக்கு இதை விளக்கவே வேண்டாம். தன் வயதை யாரோ உற்றுப் பார்த்துத் தீர்மானிப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வரலாற்றில் எவ்வளவு கைவைக்கலாம் என்ற கேள்விக்கு என் விதி இது: சட்டம், தேதி, தூரம், கூலி, பருவம் ஆகியவற்றைத் தொடாதீர்கள். மனிதர்களைத் தாராளமாகக் கற்பனை செய்யுங்கள். ஏனென்றால் உங்கள் கதையில் எதிர்த்தரப்பே அந்தச் சட்டம்தான். அதை வளைத்தால் கதையின் முதுகெலும்பு போய்விடும். நாயகியின் வசதிக்காக வரியை 1912-ல் கொண்டுவந்தாலோ, வயதை 15 ஆக்கினாலோ, வாசகர் பிறகு உண்மையைத் தெரிந்துகொள்ளும்போது மற்றதையும் நம்பமாட்டார். சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் பருவகாலத்தில் நம்மவர்கள் அடிக்கடி சறுக்குவார்கள். அங்கே ஜூலை என்றால் குளிர்காலம், பொங்கல் வருவது முழுக் கோடையில். 1909 ஜூலையில் பக்கத்துக் குடியேற்றமான டிரான்ஸ்வாலில் நாகப்பன் என்ற இளைஞர் சிறை முகாமிலிருந்து நோயோடு வெளியே வந்து இறந்ததன் பின்னால் அந்தக் குளிர் இருக்கிறது.

உறுதியாக நிற்கக்கூடிய அடித்தளத்தைச் சொல்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு டர்பனில் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்காகத் தொடங்கிய இந்த ஏற்றுமதி இடையில் 1866-ல் நின்று 1874-ல் மறுபடி தொடங்கியது. 1911-ல் இந்திய அரசு நிறுத்தும்வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். பெரும்பங்கினர் மதராஸ் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பதிவேடுகளில் நிறைய வரும். உங்கள் சுருக்கத்தில் 'கங்காணி' வருகிறார். அவர் இலங்கை, மலேயாக் கதைகளிலிருந்து வழிதவறி வந்தவர், நேட்டால் தோட்டத்தில் கூலிகளை மேய்த்தவர் 'சர்தார்'. அதேபோல நேட்டால் வேறு, டிரான்ஸ்வால் வேறு. 1910 வரை அவை தனித்தனிக் குடியேற்றங்கள், ஒன்றிலிருந்து மற்றதற்கு இந்தியர் அனுமதியில்லாமல் எல்லை தாண்டுவது அதற்குப் பிறகும் குற்றம். மூன்று பவுன் லைசென்ஸ் நேட்டாலின் பிரச்சினை. விரல் ரேகைப் பதிவு, பதிவுச் சீட்டு எல்லாம் டிரான்ஸ்வாலின் பிரச்சினை. 1908 ஆகஸ்டில் இந்தியர்கள் அந்தச் சீட்டுகளை எதிர்ப்பாகக் கொளுத்தியது டிரான்ஸ்வாலின் ஜோஹனஸ்பர்க்கில். இந்த இரண்டையும் ஒரே ஊரில் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள், அதைப் பிரித்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

1913-ல் இந்த இரண்டு இழைகளும் சேர்கின்றன. மார்ச் 14 அன்று கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பின்படி, கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவாகாத இந்தியத் திருமணங்கள் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை என்றாகிவிட்டது. ஒரு 15 வயதுப் பெண் இதை எப்படிக் கேள்விப்படுவாள் என்று யோசியுங்கள். உன் அம்மா உன் அப்பாவின் மனைவி இல்லை, நீ முறைப்படி பிறந்த பிள்ளை இல்லை. கிணற்றடியில் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொல்லக்கூடும். அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள், ஒருவர் தவிர எல்லாரும் தமிழர், ஆறு பேர் கைக்குழந்தையோடு, எல்லை தாண்டி வடக்கு நேட்டாலின் நியூகாசிலுக்குப் போனார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் மூன்று பவுன் வரி ஒழியும்வரை வேலைக்கு இறங்காதீர்கள் என்று பேசினார்கள். வேலைநிறுத்தம் பற்றிக்கொண்டது. அந்தப் பெண்களுக்கு மூன்று மாதச் சிறை. உங்கள் கதையில் வேலைநிறுத்தத்தின் முதல் பொறியை மூட்டுவது காந்தி. நடந்ததில் பொறியோடு வந்தவர்கள் இந்தப் பெண்கள். உங்கள் நாயகிக்கு இதைவிடப் பெரிய வாசல் வேண்டுமா? அவள் முதல் தடவையாகப் பார்க்கும் 'தலைவர்', இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு தன் தாய்மொழியில் பேசும் ஒரு அக்காவாக இருக்கட்டும். அவர்களுக்கு நியூகாசிலில் இடம் கொடுத்தது லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவரின் வீடு. வேலை போகும், சொத்து போகும் என்று தெரிந்தே திறந்து விட்ட வீடு. அப்படியொரு வீட்டில் கதையின் நடுப்பகுதியையே வைக்கலாம்.

பிறகு நடைப்பயணம்: வேலைநிறுத்தக்காரர்கள் காந்தியோடு எல்லை தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடந்தது. 1913 நவம்பர் 6 காலையில் எல்லையோர ஊரான சார்லஸ்டவுனிலிருந்து கிளம்பியவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தி எழுதியிருக்கிறார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஒரு அவுன்ஸ் சர்க்கரையும். வழியில் இரண்டு தாய்மார் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். ஒன்று வெயில் குளிரில் வாடி இறந்தது, இன்னொன்று ஓடையைக் கடக்கும்போது கையிலிருந்து நழுவி மூழ்கிப்போனது. அந்தத் தாய்மார் நடையை நிறுத்தவில்லை என்றும் எழுதுகிறார். இங்கே ஒரு எச்சரிக்கை. காந்தி இதையெல்லாம் சுமார் பத்தாண்டு கழித்து, எரவாடா சிறையில், பெரும்பாலும் நினைவிலிருந்து எழுதத் தொடங்கினார். நடைப்பயணத்தின் போக்கு, இடங்கள், கைதுகள் எல்லாம் அரசுப் பதிவுகளோடும் பத்திரிகைகளோடும் ஒத்துப்போகின்றன, அவை உறுதி. ஆனால் அந்தத் தாய் என்ன நினைத்தாள் என்பது காந்தி கேட்டு, நினைவில் வைத்து, ஒரு போராட்டத்தின் பெருமையாகச் சொன்னது. அவள் வாயால் சொன்ன பதிவு இல்லை. நாவலாசிரியருக்குத் திறந்திருக்கும் இடம் துல்லியமாக அதுதான். அவள் நடந்தாள் என்பது வரலாறு. ஏன் நடந்தாள், நடக்கும்போது யாரை நொந்துகொண்டாள் என்பது உங்கள் வேலை. தியாகச் சுடராக ஆக்கிவிடாதீர்கள்.

இதே சந்தேகத்தை மற்ற எண்களிடமும் வைத்திருங்கள். நவம்பரில் வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியபோது சுமார் 20,000 பேர் சேர்ந்தார்கள் என்பது மதிப்பீடு, தலை எண்ணிய கணக்கு அல்ல. மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கத் தோட்டங்களிலும் தெற்கே எஸ்பரென்சாவிலும் துப்பாக்கிச்சூடு நடந்து தொழிலாளர்கள் இறந்தார்கள் என்பது உறுதி. யார் முதலில் தாக்கியது என்பதில் போலீஸ் தரப்பும் தொழிலாளர் தரப்பும் வேறு வேறு சொன்னார்கள். உங்கள் நாயகி அங்கே இருந்தால் ஒரு மூலையிலிருந்து தெரிந்ததை மட்டும் அவள் பார்க்கட்டும். எல்லாம் தெரிந்த கதைசொல்லி வேண்டாம்.

காந்தி வரலாமா? வரலாம், தூரத்தில். தொடக்க வரிகளில் தத்துவம் பேச வைத்தால் கதை அன்றோடு காலி. அவரே எழுதிய ஒரு விவரம் உங்களுக்குப் பத்து வசனங்களுக்குச் சமம்: சார்லஸ்டவுனில் ஆயிரக்கணக்கானவருக்குச் சமையல் பொறுப்பை அவர்தான் பார்த்தார், சில நாள் பருப்பில் தண்ணீர் அதிகமாகிவிடும், சில நாள் வேகாது, சோறும் சரியாக வெந்திருக்காது. தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்ணுக்குத் தெரிகிற காந்தி அதுதான். தண்ணிப் பருப்பை ஊற்றும், காதோரம் ஒட்ட வெட்டிய தலையோடு ஒரு மனிதர். அவள் பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுக்கலாம். அவரை எல்லாரும் கொண்டாடவும் இல்லை. டர்பனில் பி.எஸ். ஐயர் என்ற தமிழர் 1908 முதல் ஆங்கிலத்திலும் தமிழிலும் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' என்ற வார இதழை நடத்தினார். மூன்று பவுன் வரிக்கு எதிராக உரக்கக் குரல் கொடுத்தவர், காந்தியைக் கடுமையாக விமர்சித்தவரும்கூட. காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியோடு வந்து, 1906-ல் அதை நிறுத்திவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு சித்தப்பா இரவில் ஐயரின் பத்திரிகையை உரக்கப் படித்து, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுவதாக ஓர் அத்தியாயம் எழுதினால், "காந்தி வந்தார், விடிந்தது" என்ற பாடப்புத்தக வாடை தானாகவே போய்விடும்.

வெள்ளைக்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். ஓவர்சியரை அனுப்பச் சொன்னேன், அவர் இடத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரரை வையுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வோல்க்ஸ்ரஸ்டில் ஒரு வெள்ளைக்கார ரொட்டிக்கடைக்காரர் நடைப்பயணத்துக்கு ரொட்டி தர ஒப்புக்கொண்டு, விலையை ஏற்றாமல், எடை குறைக்காமல், ரயிலில் சரியான நேரத்துக்கு அனுப்பிவைத்தார். அதே ஊரில் இந்தியர்கள் வந்தால் சுடுவோம் என்று கூட்டம் போட்டுப் பேசியவர்களும் உண்டு. சார்லஸ்டவுனில் சுகாதாரப் பொறுப்பில் இருந்த டாக்டர் பிரிஸ்கோ உதவினார். நல்ல வெள்ளைக்காரர் ஒருவர் வேண்டுமே என்ற தர்ம கணக்குக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ரொட்டிக்கடைக்காரர் மூன்று பவுன் வரி சரி என்றே நினைத்திருக்கலாம், நமக்குத் தெரியாது. ஆனால் வியாபாரத்தில் நாணயமாக இருந்தார். இளம் வாசகரை உட்காரவைத்து யோசிக்கவைப்பது அந்த மாதிரி மனிதர்தான்.

அடுத்தது நம்மவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம். பாகுபாட்டுக்கு ஆளான இந்தியர்கள் தங்களுக்குள்ளும் கீழேயும் அதையே செய்தார்கள். காசு கொடுத்துக் கப்பலேறி வந்த குஜராத்தி வணிகர்கள் பலர், கூலிகளோடு தங்களைச் சேர்த்துவிடக்கூடாது என்று 'அரபிகள்' என்று சொல்லிக்கொண்டார்கள். கப்பலில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டும் சாதி முழுக்கக் கரைந்துவிடவில்லை. கல்யாணப் பேச்சு வந்ததும் அது விழித்துக்கொண்டது. ஆப்பிரிக்கர்களை இந்தியர்கள், காந்தியின் ஆரம்பகால எழுத்து உட்பட, தங்களுக்குக் கீழானவர்களாகப் பேசினார்கள், அச்சில் இருக்கிறது. உங்கள் சுருக்கத்தில் ஒரு ஜூலுவர்கூட இல்லை. அவர்களுடைய மண்ணில் நடக்கும் கதை இது. அதே 1913 ஜூனில் வந்த நிலச் சட்டம் ஆப்பிரிக்கர்களுக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, மற்றப் பகுதியில் நிலம் வாங்கும் உரிமையைப் பறித்தது. காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்புக்கு அருகில், இனாண்டாவில்தான் ஜான் டூபே தன் ஓலாங்கே பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்கர்களின் தேசிய காங்கிரசுக்கு முதல் தலைவர் அவர். உங்கள் நாயகிக்கு ஒரு ஜூலுத் தோழி இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லமாட்டேன், அது அடுத்த தேய்வழக்கு. ஆனால் சுரங்கத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் ஆப்பிரிக்கர்கள். வேலைநிறுத்தத்தில் அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவள் ஒரு தடவையாவது கேட்கட்டும், வீட்டில் யாரும் பதில் சொல்லாமல் போகட்டும்.

வசைச்சொற்கள் பற்றிச் சுருக்கமாக. இந்தியர்களைச் சொன்ன சொற்களைத் தேடிப் பிடிக்கவே வேண்டாம், சட்டமே அவற்றைப் பேசுகிறது. டிரான்ஸ்வாலின் 1885-ஆம் ஆண்டு மூன்றாம் சட்டம், யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் இடத்திலேயே "கூலிகள் என்று சொல்லப்படுவோர்" என்று எழுதிவைத்திருக்கிறது. ஒரு தெருப்பொறுக்கி கத்துவதைவிட, அரசு முத்திரையோடு வரும் அந்தச் சொல் ஆழமாகக் குத்தும். ஓரிரு இடத்தில் வந்தால் போதும், பக்கத்துக்குப் பக்கம் வந்தால் வாசகருக்கு மரத்துவிடும். ஆப்பிரிக்கர்களைக் குறித்த சொல் மட்டும் வேண்டாம். இன்று அங்கே அந்தச் சொல்லுக்காக ஒருவர் சிறைக்கே போயிருக்கிறார். "அப்பா வழக்கம்போல அந்தச் சொல்லைச் சொன்னார்" என்று எழுதினாலே போதும், அவள் கூசுகிறாளா இல்லையா என்பதில்தான் கதை.

கொடுமையின் அளவைப் பற்றிப் பெற்றோர்களும் பள்ளிகளும் என்ன சொல்வார்களோ என்ற உங்கள் பயம் புரிகிறது. 14 வயதுப் பிள்ளைகளிடம் மரணத்தை மறைக்கத் தேவையில்லை. தோட்டங்களில் தற்கொலைகள் அதிகம், பெண்கள் சர்தார்களாலும் ஓவர்சியர்களாலும் சீரழிக்கப்பட்டார்கள். இவற்றை இல்லாததுபோல எழுதுவது பொய். ஆனால் செயலைக் காட்டாமல் அதற்கு அடுத்த நாளைக் காட்டலாம். ஒரு பெண் வரிசையில் தன் இடத்தை மாற்றிக்கொள்கிறாள், ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை, அதைப் பற்றிப் பெரியவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். இந்த வயதில் வாசகர்கள் பெரியவர்களின் மௌனத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். கூடவே சந்தோஷத்தையும் மறக்காதீர்கள். துன்பம் மட்டுமே இருக்கும் புலம்பெயர்ந்தோர் கதைகள் அந்த மனிதர்களைச் சின்னவர்களாக்கிவிடும். நேட்டால் தமிழர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள், தீ மிதித்தார்கள், காவடி எடுத்தார்கள், இரவெல்லாம் தெருக்கூத்து ஆடினார்கள். தோட்டத்தில் விடுமுறை கிடைத்த மொகரத்தில் இந்துக்களும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். திரௌபதி வேஷம் கட்டும் மாமாவின் முகப்பூச்சு மறுநாள் காலை வேலைக்களத்தில் இன்னும் முழுசாகப் போகாமல் இருப்பதை எழுதினால், எந்த வசையையும்விட அவர் யார் என்று வாசகருக்குத் தெரியும்.

உரையாடல்தான் உங்கள் மாதிரிப் பக்கங்களில் என்னை அதிகம் இடறவைத்தது. "மகளே, 1895-ல் வந்த சட்டப்படி நாம்..." என்று எந்த அப்பாவும் பேசமாட்டார். அவருக்குச் சட்ட எண் தெரியாது, "மூணு பவுன்" என்பது மட்டும் தெரியும். பாத்திரங்களுக்குத் தெரியாததை வாசகருக்குச் சொல்லியே தீரவேண்டுமென்றால் கதைக்குப் பின்னால் இரண்டு பக்கக் குறிப்பாகப் போடுங்கள். எது நடந்தது, எதைக் கற்பனை செய்தேன் என்று அங்கே நேர்மையாகப் பிரித்துச் சொல்லிவிடலாம், பிள்ளைகள் அதை ஆர்வமாகவே படிக்கிறார்கள். இதே காரணத்தால், அவள் 2020களின் வார்த்தைகளில் சமத்துவம் பேசவும் வேண்டாம். அவளுடைய எதிர்ப்பு அவள் காலத்துக்கு உட்பட்டதாக, சில இடத்தில் நமக்கே சங்கடமாகக்கூட இருக்கட்டும்.

கடைசியாக, தில்லையாடி வள்ளியம்மையை நாயகியின் தோழியாக வைத்திருக்கிறீர்கள். தொடவேண்டாம் என்று சொல்லமாட்டேன், கவனமாகத் தொடுங்கள். ஜோஹனஸ்பர்க்கில் பிறந்தவர், மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கொடுங்காய்ச்சலோடு வெளியே வந்து சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தார். சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டதற்கு, இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்று அவர் சொன்னதாகக் காந்தி எழுதியிருக்கிறார். நம்மிடம் இருக்கும் அவர் குரல் ஏறத்தாழ அவ்வளவுதான், அதுவும் இன்னொருவர் வழியாக. இதற்கு மேல் நீங்கள் நீளமாக வசனம் எழுதினால், நாளைக்கு அது இணையத்தில் அவரே சொன்னதாகச் சுற்றும். அதனால் அவரைச் சிறையில் ஒரு தடவை பார்த்த பெண்ணாக உங்கள் நாயகியை வையுங்கள், அவர் இரண்டு மூன்று சொல் பேசட்டும். முடிவையும் அவர் மரணத்திலோ வெற்றி ஊர்வலத்திலோ வைக்காதீர்கள். 1914-ன் இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது, பாக்கியையும் தள்ளுபடி செய்தது, திருமணங்களை ஏற்றது. ஜூலையில் காந்தி கப்பலேறிவிட்டார். எல்லை தாண்டத் தடை, கடை லைசென்ஸ் மறுப்பு, வாக்கு இல்லாமை எல்லாம் அப்படியே இருந்தன. உங்கள் பெண்ணுக்கு 16 வயது, பாக்கி இல்லை, நாளைக் காலை வேலைக்குப் போகவேண்டும். அங்கே நிறுத்துங்கள்.

எங்கே தேடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்கள் டர்பனில் பாதுகாக்கப்பட்டுள்ளன, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றைக் கணினிப்படுத்தியிருக்கிறது. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடம்பில் உள்ள தழும்பு என்று வரிசையாக இருக்கும். பெயர்கள் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை, ஆகையால் ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். நாயகியின் அப்பாவுக்கு அந்த வரிசையில் முதலில் ஒரு வரி எழுதிவிட்டு, அப்புறம் அவருக்குக் குரல் கொடுங்கள். 1896-க்குப் பிறகு வந்தவராக அவரை வைத்தால்தான் மூன்று பவுன் சட்டம் அவர்மேல் விழும். இப்போது உங்கள் சுருக்கத்தில் அவர் 1890-ல் வந்திருக்கிறார், அதை முதலில் மாற்றுங்கள்.